மலேரியாவின் பொய் இலக்குகள்

(கண்டியில் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் சிலர் இங்கே இருப்பீர்கள். ஆகவே நன்றி சொல்லும் வேலையை ஏற்பாட்டாளர்களிடமே விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

1934இன் கடைசி மாதங்களில் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுப்பகுதிவரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் இந்தத் தீவில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். காய்ச்சலில் விழுந்தவர்கள் 15 இலட்சம் என்று மதிப்பிட்டார்கள். அன்றைய சனத்தொகையே 55 இலட்சம் அளவில்தான். இந்தக் கணக்கு நம்மில் பலருக்குத் தெரியும். லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு, என்.எம். பெரேராவும் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் நிவாரண வேலைக்காகக் கிராமம் கிராமமாகப் போன கதையும் தெரிந்திருக்கும். நான் கேட்க வருவது வேறு. அந்தக் காய்ச்சல் எந்த ஊர்களில் அதிகம் கொன்றது?

மலேரியா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வறண்ட வலயம். அநுராதபுரம், பொலன்னறுவை, வன்னி, மன்னார். அங்கே மலேரியா ஆண்டு முழுவதும் குடியிருந்தது. அந்தக் காலத்து வைத்தியர் ஒரு கிராமத்துக்குப் போனால் முதலில் செய்வது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களை அழுத்திப் பார்ப்பதுதான். சுகமான பிள்ளைக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படாது. மலேரியா மாறி மாறி வந்துபோகும் பிள்ளைக்கு வீங்கிய மண்ணீரல் கல் போலக் கையில் தட்டும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தட்டுகிறது என்பதுதான் அந்த ஊரின் மலேரியா அளவு. வறண்ட வலயக் கிராமங்களில் அந்த அளவு மிக உயர்ந்திருந்தது.

ஆனால் 1934–35இல் பிணங்கள் குவிந்தது கேகாலையிலும் குருநாகலிலும் நமது கண்டி மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளிலும்தான். ஆறு ஓடுகிற, தென்னையும் றப்பரும் செழித்த, வழக்கமாக மலேரியா குறைவான நாடு அது. வறண்ட வலயத்திலும் காய்ச்சல் கூடியது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

நுளம்பு ஏன் இங்கே பெருகியது என்பது எளிதில் விளங்கும். அந்த ஆண்டு மழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா, மகாவலி எல்லாம் வற்றி, மணலிலும் பாறைக் குழிகளிலும் தெளிந்த நீர் தேங்கியது. வெயில் படும் தெளிந்த தேக்கத்தில்தான் நமது நாட்டின் பிரதான மலேரியா நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் முட்டையிடும். ஆறு நிறைந்து ஓடும் வருடங்களில் அதன் குடம்பிகளை வெள்ளமே அடித்துக்கொண்டு போய்விடும். ஆறு நின்றது, நுளம்பு எழுந்தது.

இதே கதை அரை நூற்றாண்டுக்குப் பிறகு கண்டியின் வாசலிலேயே இன்னொரு முறை நடந்தது. 1976இல் பொல்கொல்லயில் மகாவலியை மறித்து, சுரங்க வழியாக உக்குவளைப் பக்கம் நீரைத் திருப்பினார்கள். 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகள் வந்தன. தடுப்பணைக்குக் கீழே கங்கை மெலிந்து, படுகையில் குட்டைகள் உருவாகின. அதுவரை மலேரியா இல்லாத ஊர் என்று நாம் பெருமை பேசிக்கொண்டிருந்த கண்டிப் பள்ளத்தாக்கில், கரையோரக் குடியிருப்புகளிலிருந்து காய்ச்சல்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மனெல் விஜேசுந்தர இதை 1988இல் எழுதிப் பதிவு செய்தார். இந்த முறை நீர்ப் பஞ்சத்துக்கு வானம் பொறுப்பல்ல, நமது பொறியியல்தான் பொறுப்பு. அணைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாமல் இந்த ஒலிபெருக்கியும் வேலை செய்யாது. ஆற்றைத் திருப்பும் திட்டத்தில் நுளம்பு படித்த ஒருவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம் என்பதுதான் என் முறைப்பாடு.

சரி, நுளம்பு பெருகியதை விளங்கிக்கொண்டோம். ஆள் மாண்டதை இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. உலகப் பொருளாதார மந்தம், விளைச்சல் இல்லாத வயல், வெறும் வயிறு, இவற்றுக்கு அந்தச் சாவுகளில் பெரிய பங்குண்டு. எல்லாவற்றையும் எதிர்ப்புச் சக்தியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனால் அநுராதபுரத்துக் கமக்காரரும் பணக்காரர் அல்லர். அவர் காய்ச்சலோடு எழுந்து நடந்தார். கேகாலைக்காரர் விழுந்தார். அநுராதபுரத்துக்காரரின் உடல் அந்த ஒட்டுண்ணியை முன்பே பல தடவை சந்தித்திருந்தது. கேகாலைக்காரரின் உடலுக்கு அது புதிய எதிரி.

இந்த வேறுபாட்டை முதலில் ஒழுங்காகக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் ரொபர்ட் கொக். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே கொக்தான். 1899–1900இல் ஜாவாவிலும் நியூ கினியாவிலும் மக்களின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மலேரியா நிறைந்த ஊர்களில் குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி மலிந்திருப்பதையும் வளர்ந்தவர்களின் இரத்தத்தில் அது அரிதாக இருப்பதையும் கண்டார். வயது வந்தவர்கள் சும்மா தப்பவில்லை, பிள்ளைப் பருவத்தில் நோய் பட்டுப் பட்டுத்தான் அந்த நிலைக்கு வந்திருக்கிறார்கள் என்று அவர் ஊகித்தார். ஊகம் சரி.

அந்த எதிர்ப்புச் சக்தியின் குணம் விசித்திரமானது. அம்மை ஒரு தடவை வந்தால் போதும், ஆயுளுக்கும் காவல். மலேரியாவில் அப்படி இல்லை. முதலில் சாவிலிருந்து காக்கும் சக்தி வருகிறது. பிறகு, பல வருடங்கள் கழித்து, காய்ச்சலிலிருந்து காக்கும் சக்தி வருகிறது. ஒட்டுண்ணியையே உடலில் அண்ட விடாத சக்தி பெரும்பாலும் வருவதே இல்லை. இரத்தத்தில் கொஞ்சம் ஒட்டுண்ணியோடு வயலுக்குப் போய் வருவார்கள். ஊரை விட்டுச் சில வருடங்கள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். அதோடு, ஓர் ஊரில் சம்பாதித்தது இன்னோர் ஊரில் முழுதாகச் செல்லாது. 1920களிலும் அதற்குப் பின்னும் மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோய்க்கு மருந்தாக நோயாளிகளுக்கு மலேரியாவையே ஏற்றினார்கள். அதற்காக வாக்னர்-யவுரெக் 1927இல் நோபல் பரிசு வாங்கினார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத வேலை. ஆனால் அந்த நோயாளிகளிடமிருந்து ஓர் உண்மை தெரிந்தது: ஒரு வகை ஒட்டுண்ணியில் தேறியவர் அதே வகை மறுபடி வந்தால் தாங்குகிறார், அதே இனத்தின் வேறு வகை வந்தால் மீண்டும் காய்ச்சலில் விழுகிறார்.

நமது மலையக வரலாற்றை இந்த வெளிச்சத்தில் கொஞ்சம் பாருங்கள். 1840களில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வலயக் காட்டைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். பாதையோரமே அவர்களது இடுகாடு. தமது ஊரில் காய்ச்சலைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் காட்டின் காய்ச்சல் புதிதுதான். உயரத்திலுள்ள தோட்டத்துக்கு ஏறி வந்து சேர்ந்தவர்களுக்குக் குளிரும் அட்டையும் இருந்தன, அந்த நுளம்பு இல்லை. அவர்களது பிள்ளைகள் மலேரியா தெரியாமல் வளர்ந்தார்கள், ஆகவே எதிர்ப்பும் இல்லாமல் வளர்ந்தார்கள்.

இதுவரை சொன்னது ஒருவர் தன் ஆயுளில் சம்பாதிப்பது. தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்த இன்னொன்றும் உண்டு. மேற்கு ஆபிரிக்க மக்களில் பெரும்பாலானோரின் செங்குழியத்தில் டஃபி என்ற வாசல் இல்லை. அதனால் வைவக்ஸ் என்ற இனத்து மலேரியா அவர்களிடம் பெரும்பாலும் நுழைய முடிவதில்லை. நமக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. அதனால்தான் இலங்கை மலேரியாவில் வைவக்ஸ் பெரும்பங்கு வகித்தது. நமக்கு வாய்த்தது வேறு: தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரிய தொல்லை இல்லை, மலேரியாக் காலத்தில் சற்று அனுகூலம்கூட. இருவரிடமிருந்தும் வந்தால் மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளை. இலங்கையில் நூறில் இரண்டு பேர் அளவில் பீட்டா தலசீமியாக் காவிகள். குருநாகலில் அதற்கென்றே பெரிய சிகிச்சை நிலையம் இருப்பது தற்செயல் அல்ல. அந்த மாகாணத்தின் வறண்ட பகுதிகளுக்குரிய பழைய மலேரியா வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் போய்விட்டது, அதற்காக இரத்தம் கொடுத்த விலையை இன்றைய தாய்மார் வாட்டில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடியும் சம்பாதித்த சக்திக்கு வருவோம். அது இரத்தத்தில் எங்கே இருக்கிறது? 1961இல் கோஹனும் மக்கிரெகரும் கம்பியாவில் ஒரு காரியம் செய்தார்கள். மலேரியாவோடு வாழ்ந்து பழகிய பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகளை மட்டும் பிரித்தெடுத்து, காய்ச்சலில் கிடந்த சிறு குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணிகள் மளமளவென்று குறைந்தன. ஆக, சக்தி பிறபொருளெதிரிகளில் இருக்கிறது. அவை ஒட்டுண்ணியின் எதையோ பிடிக்கின்றன. அந்த எதையோ கண்டுபிடித்துவிட்டால் அதையே தடுப்பூசியாக்கிவிடலாம். உலகெங்கும் ஆய்வுகூடங்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இந்த நம்பிக்கையில்தான் ஓடின. பெரியவர்களின் சீரத்தை எடு, அது ஒட்டுண்ணியின் எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று பார், அதைப் பெருக்கு.

நான் இன்று சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. உடல் அதிகமாகக் கவனிக்கும் புரதம் பெரும்பாலும் ஒட்டுண்ணி கவனிக்க விட்ட புரதம்.

பெரஹரா ஊர்வல நாட்களில் தெருவோரம் நின்றவர்களுக்குத் தெரியும்: எல்லாக் கண்களும் தீப்பந்தம் சுழற்றுபவர் மேலே இருக்கும்போதுதான் ஜேப்படிக்காரன் வேலையை முடிப்பான். ஃபல்சிபாரம் என்ற இன்னோர் இனத்து மலேரியா ஒட்டுண்ணி அதைத்தான் செய்கிறது. அது தங்கிய செங்குழியத்தின் மேற்பரப்பில் ஒரு பெரிய புரதத்தை நீட்டிவைக்கிறது. இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலுக்குப் போகாமல் தப்ப அது உதவுகிறது. அந்தப் புரதத்துக்கு ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 60 வடிவங்கள். ஒன்றுக்கு உடல் பிறபொருளெதிரி தயாரித்து முடிப்பதற்குள் இன்னொன்றை மாட்டிக்கொள்கிறது. ஊருக்கு ஊர் அந்த 60உம் வேறு வேறு. எல்லாவற்றையும் பார்த்து முடிக்கக் குழந்தைக்கு அத்தனை வருடங்கள் வேண்டியிருப்பதில் என்ன வியப்பு?

இதில் நமது ஹந்தானை மலைக்கும் ஒரு பங்கு உண்டு. 1981இல் சட்டத்தால் உருவான அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் பின்னர் ஹந்தானை வீதிக்கு வந்தது. மேலே சுற்றுலா போகிறவர்கள் வாயிலைக் கடந்து போயிருப்பீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க மாட்டீர்கள். அங்கே பல ஆண்டுகள் மலேரியா ஆய்வை நடத்தியவர் ரஞ்சன் ராமசாமி. செங்குழியத்துக்குள் புகப்போகும் ஒட்டுண்ணியின் மேற்பரப்பில், கொழுப்பு மூலக்கூறு ஒன்றால் பொருத்தப்பட்ட, 45 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்தை அவர் 1987இல் விவரித்தார். பின்னாளில் எம்.எஸ்.பி.2 என்று உலகம் அழைத்த தடுப்பூசி இலக்கு அது. வறண்ட வலயக் கிராமங்களிலிருந்து சீர மாதிரிகளை எடுத்து, மக்களின் இரத்தத்தில் ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று அவரும் சகாக்களும் பார்த்தார்கள். அப்போது உபகரணம் வருவதே பெரும் பாடு, நாடோ தீப்பிடித்து எரிந்த காலம். இருந்தும் அங்கிருந்து வந்த கட்டுரைகளை உலகம் இன்றும் எடுத்தாள்கிறது.

எம்.எஸ்.பி.2க்கு என்ன நடந்தது? அதன் நடுப்பகுதி ஊருக்கு ஊர் மாறும். உலகிலுள்ள வடிவங்களை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம்: 3டி7, எஃப்.சி.27. இதில் 3டி7இன் பூர்வீகம் வேடிக்கையானது. நெதர்லாந்தை விட்டு வெளியே போகாமல், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்கு அருகில் குடியிருந்த ஒருவரின் இரத்தத்திலிருந்து வந்த ஒட்டுண்ணி அது. விமானத்தில் வந்த நுளம்பு கடித்திருக்கிறது. எஃப்.சி.27 பப்புவா நியூ கினியாவைச் சேர்ந்தது. 3டி7 வடிவத்தையும் இன்னும் இரண்டு புரதங்களையும் சேர்த்து ஒரு தடுப்பூசி செய்து, பப்புவா நியூ கினியாவில் சிறுவர்களுக்குப் போட்டுப் பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி வேலை செய்தது. 3டி7 குடும்பத்து ஒட்டுண்ணிகள் குறைந்தன. ஆனால் எஃப்.சி.27 குடும்பத்து ஒட்டுண்ணியால் வந்த காய்ச்சல், ஊசி போட்ட சிறுவர்களிடம் கூடியிருந்தது. ஒருவரை விரட்டினோம், அவர் விட்டுப்போன இடத்தில் பங்காளி வந்து குடியேறிவிட்டார். தோல்வி என்று இதைச் சொல்ல மாட்டேன். இலக்கு உண்மையானது, ஒட்டுண்ணி அதற்கு மாற்றும் வைத்திருந்தது என்று நமக்குக் காட்டிய பரிசோதனை அது.

இன்னொரு பாதை கொழும்பில் திறந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மெண்டிஸும் எடின்பரோவின் ரிச்சர்ட் கார்ட்டரும் வேறு கேள்வி கேட்டார்கள். நோயாளியைக் காப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நோயாளியிடமிருந்து நுளம்புக்கு ஒட்டுண்ணி போவதை நோயாளியின் இரத்தமே தடுக்குமா?

அவர்கள் அதைப் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வைவக்ஸ் ஒட்டுண்ணியை ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வளர்க்க முடியாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் புதிய நோயாளி வேண்டும். காய்ச்சலோடு வந்தவரிடமிருந்து இரத்தம் எடுத்து, குழியங்களைத் தனியாகக் கழுவிப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பங்கை நோயாளியின் சொந்தச் சீரத்தோடும், மறுபங்கை மலேரியாவே வராத ஒருவரின் சீரத்தோடும் கலப்பார்கள். இரண்டையும் உடற்சூட்டில் வைத்து, மெல்லிய சவ்வுக்கு மேலே ஊற்றுவார்கள். கீழே வலை கட்டிய கிண்ணத்தில், ஆய்வுகூடத்தில் வளர்த்த, பட்டினி போட்ட அனோபிலிஸ் டெசலேட்டஸ் நுளம்புகள் சவ்வின் ஊடாகக் குத்திக் குடிக்கும். ஒரு வாரமளவில் காத்திருந்து, ஒவ்வொரு நுளம்பாக ஊசிமுனையில் கிழித்து, குடலை வெளியே எடுத்து, சாயமிட்டு, அதன் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிக் கொப்புளங்களை எண்ணுவார்கள். இதைவிடப் பொறுமை வேண்டிய வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

1987இல் வந்த முடிவு: பல நோயாளிகளின் சொந்தச் சீரம் நுளம்பில் ஒட்டுண்ணி வளர்வதைத் தடுத்தது. இயற்கை மலேரியாவே மனித இரத்தத்தில், ஒட்டுண்ணி நுளம்புக்குப் போவதற்கு எதிரான காவலை உண்டாக்குகிறது. அடுத்த ஆண்டு வந்தது அதைவிடச் சுவாரசியம். முந்திய காய்ச்சலுக்குப் பிறகு ஏறக்குறைய 4 மாதங்களுக்குள் மறுபடி காய்ச்சல் வந்தவர்களிடம்தான் அந்தச் சக்தி வலுத்தது. இடைவெளி நீண்டால் உடல் மறந்துவிடுகிறது. அதே காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பிறபொருளெதிரிகள் செறிவாக இருந்தால் தடுக்கும், மெலிந்துபோனால் சில சமயம் ஒட்டுண்ணி நுளம்புக்குப் போவதற்கே துணை செய்யும். தடுப்பூசி செய்பவருக்கு இதைவிடப் பயமான செய்தி இல்லை. ஊசியின் பலன் குறைந்துகொண்டே வரும் நாட்களில் என்ன நடக்கும் என்று அவர் யோசிக்க வேண்டும். கதிர்காமப் பகுதிக் கிராமங்களில் அந்தக் குழு பல ஆண்டுகள் தங்கி, யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில், எத்தனை தடவை என்று குறித்து, இந்தச் சக்தி ஓர் ஊரின் மலேரியாவை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்று கணித மாதிரியும் செய்தது. மண்சுவரும் ஓலைக்கூரையும் உள்ள வீடுகளில் மலேரியா அதிகம் என்று அங்கே கண்டது, இரத்தத்தை விடச் சுவரைக் கவனிக்கச் சொன்ன செய்தி.

இனி, கடைசியில் வென்ற தடுப்பூசி எது? 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்.டி.எஸ்.,எஸ். அடுத்து 2023 ஒக்டோபரில் ஆர்21. ஒக்ஸ்போர்ட் வடிவமைத்ததைப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. இரண்டும் குறிவைப்பது சி.எஸ்.பி. என்ற ஒரே புரதத்தை. நுளம்பு கடிக்கும்போது தோலில் இறங்கும் ஒட்டுண்ணி வடிவத்தின் போர்வை அது. இந்தப் புரதத்துக்கு எதிராக மலேரியா ஊர்ப் பெரியவர்களிடம் காக்கும் அளவுக்கு இயற்கைச் சக்தி வளர்வதே இல்லை. ஏன்? கடியில் இறங்குவது சில பத்து, மிஞ்சினால் நூறு ஒட்டுண்ணிகள். ஒரு மணி நேரத்துக்குள் அவை ஈரலில் ஒளிந்துவிடுகின்றன. உடல் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை. கம்பியாப் பெரியவர்களின் சீரத்தை மட்டும் பின்தொடர்ந்திருந்தால் இந்த இலக்கு கண்ணில் பட்டிருக்காது. இதற்கு வழி காட்டியது வேறொரு பரிசோதனை. 1967இல் ரூத் நுசென்ஸ்வைக் கதிர்வீச்சால் முடமாக்கிய ஒட்டுண்ணிகளை எலிகளுக்கு ஏற்றிக் காவல் உண்டாக்கிக் காட்டினார். இயற்கை ஒருபோதும் தராத அளவில், தராத வடிவில் உடலுக்குக் காட்டியதால்தான் உடல் கற்றது.

இயற்கை காட்டித் தராத இலக்குக்கு ஆர்.எச்.5 என்ற புரதம் இன்னோர் எடுத்துக்காட்டு. ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் நுழையக் கட்டாயம் வேண்டிய சாவி. 2011இல் அதன் பூட்டைக் கேம்பிரிட்ஜ் பக்கத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தச் சாவி ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. ஆனால் மலேரியாவோடு வாழ்ந்தவர்களின் இரத்தத்தில் அதற்கு எதிரான பிறபொருளெதிரி மிகக் குறைவு. ஒட்டுண்ணி அதைக் கணநேரம்தான் வெளியே காட்டுகிறது. அதை ஊசியாக்கி புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் சோதித்ததில் நம்பிக்கை தரும் முடிவு வந்திருக்கிறது. நுளம்புக்குள் மட்டும் தோன்றும் பி.எஃப்.எஸ்.25 புரதமும் அப்படித்தான். மனித உடலில் அது தலைகாட்டுவதே இல்லை, ஆகவே மனித உடல் அதை எதிர்க்கக் கற்கவும் இல்லை, ஒட்டுண்ணி அதை மாற்றிக்கொள்ளவும் தேவைப்படவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆபிரிக்காவில் முதல் பிரசவத்துக்குத் தயாராகும் பெண்களை ஃபல்சிபாரம் கடுமையாகத் தாக்கும். இரண்டாம், மூன்றாம் கர்ப்பங்களில் அதே பெண்கள் தாங்குவார்கள். ஏன் என்று தேடிப்போனபோது, நான் முன்பு சொன்ன 60 வடிவங்களில் நஞ்சுக்கொடியில் ஒட்டும் ஒன்றை, வார்2சி.எஸ்.ஏ. என்பதை, அந்தப் பெண்களின் பிறபொருளெதிரி பிடிக்கிறது என்று தெரிந்தது. அங்கே இயற்கை உண்மையான இலக்கைத்தான் காட்டியது. ஆகவே பெரியவர்களின் சீரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது சொல்வதைக் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பாதீர்கள் என்கிறேன்.

வென்ற தடுப்பூசியும் பாதி வெற்றிதான். ஆர்.டி.எஸ்.,எஸ். பெரும் பரிசோதனையில் நான்கு தவணை போட்ட குழந்தைகளிடம் மலேரியாக் காய்ச்சலை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைத்தது. ஆபிரிக்காவில் அதுவே ஆயிரமாயிரம் உயிர். ஆனால் இரண்டு ஊசிகளும் ஃபல்சிபாரத்துக்கு மட்டும். நம்மை அதிகம் வாட்டிய வைவக்ஸுக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை.

அப்படியானால் இலங்கை எப்படித் தப்பியது? ஊசி இல்லாமல், இயற்கைச் சக்தியும் போதாமல். இந்தக் கதை பெருமைக்குரியது, ஆனால் நேர்கோடு அல்ல. டி.டி.ரி. தெளித்து 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தோம். வெற்றி என்று நினைத்துக் கையைத் தளர்த்தினோம். 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேல். 1987இல் 6 இலட்சத்துக்கும் மேல். பின்னர் வடக்குக் கிழக்கில் போர் நடந்தபோதும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஆட்கள் இரு பக்கமும் வேலை செய்தார்கள். மருந்தூட்டிய வலை, வீட்டுச் சுவரில் மருந்து, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இரத்தப் பரிசோதனை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்று.

அந்த வெற்றியின் விலை ஒன்று உண்டு. கதிர்காமத்திலும் வன்னியிலும் மக்கள் தத்தம் ஆயுளில் காய்ச்சல்பட்டுச் சம்பாதித்த சக்தி கரைந்துவிட்டது. 2012க்குப் பின் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது இல்லை. எதிர்ப்பைப் பொறுத்தவரை இன்று முழு இலங்கையும் 1934இன் கேகாலை. போக வேண்டியதுதான் போனது. மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளைத் திரும்பக் கேட்பவர் யார்? ஆனால் அந்த வெற்றிடத்தைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். 2016 டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகர நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அது ஆற்றுக் குட்டையைத் தேடாது, கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். 2018இல் மொனராகலையில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே வளைத்துப் பிடித்ததால் பரவவில்லை.

வைவக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு எழும். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்து பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் வைத்தியரிடம் அந்தப் பயணத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். அண்மையில் வைத்தியரானவர்களில் பலர் உண்மையான மலேரியா நோயாளியைப் பார்த்ததே இல்லை. காய்ச்சல் என்றதும் டெங்குப் பரிசோதனைதான் எழுதுவார்கள். இரத்தப் படலத்தில் மலேரியாவையும் பார்க்கும்படி நீங்கள்தான் கேட்க வேண்டும். மலேரியா உள்ள நாட்டுக்குப் புறப்படுகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை மலேரியாத் தடுப்பு இயக்கம் இலவசமாகவே தருகிறது. பயணச்சீட்டு எடுத்த கையோடு அதையும் போய் வாங்கிக்கொள்ளுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.